டிசம்பர் லீவு, ஸ்னோ, பசங்க: வெளியே போறதுக்கு வழி சொல்லுங்க

காவிரிக்கரை | மிசிசாகா

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து இந்தக் கோடையிலதான் குடும்பத்தோட கனடாவுக்கு வந்தோம். பையனுக்கு ஒன்பது வயசு, பொண்ணுக்கு அஞ்சு. கிறிஸ்மஸுக்கு ரெண்டு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. டிசம்பர்ல ஊருக்கு டிக்கெட் விக்கிற விலையில இந்த வருஷம் போறதைப் பத்தி நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது.

முதல் ஸ்னோ விழுந்த அன்னைக்குப் பசங்க சந்தோஷமா வெளியே ஓடினாங்க. கொஞ்ச நேரத்துல கை சிவந்துபோய் அழுதுகிட்டே உள்ளே வந்தாங்க. அதோட சரி, யாரும் வெளியே போகல. சாயங்காலம் 4:40க்கெல்லாம் சூரியன் போயிடுது. டிவி, டேப்லட், தூக்கம், திரும்பவும் டிவின்னு கிடக்கோம். ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழறதும் ஆரம்பிச்சாச்சு.

ஆபீஸ்ல கேட்டா "பழகிடும்"ங்கறாங்க. வருஷத்துல அஞ்சு மாசத்தைப் பல்லைக் கடிச்சுகிட்டு ஓட்ட எனக்கு மனசு வரல. பசங்க வளரப் போறது இங்கதான். இந்தக் குளிர்காலம் அவங்களுக்குப் பிடிக்கணும், எங்களுக்கும் பிடிக்கணும். நிஜமாவே ஸ்னோவை ரசிக்கிறவங்க யாராவது இருந்தா, எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

மேப்பிள் நிழல் | ஸ்காபரோ

தம்பி, முதல்ல பிள்ளையளின்ர கையுறையைப் பாருங்கோ. நூலால பின்னின கையுறை ஸ்னோ பட்டவுடன நனைஞ்சிடும், நனைஞ்சால் வெறுங்கைக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. தண்ணி இறங்காத மிட்டன்ஸ் வாங்குங்கோ. விரல் தனித்தனியா இருக்கிறதை விட நாலு விரலும் ஒண்டா இருக்கிறதுதான் சூடு. ஒரு பிள்ளைக்கு ரெண்டு சோடி வேணும். ஒண்டு காயேக்க மற்றதைப் போடலாம்.

உள்ளுக்குப் பருத்தி வேண்டாம். எங்கட ஊர்களில பருத்திதான் நல்ல உடுப்பு, அதால வந்த புதுசில எல்லாரும் பனியன், ரீசேட், அதுக்கு மேல பெரிய ஜக்கெற் எண்டு போடுவினம். ஓடி விளையாடி வேர்க்கேக்க பருத்தி ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், ஓட்டம் நிண்டவுடன உடம்பு விறைக்கும். தோலோட ஒட்டி மெரினோ கம்பளி இல்லாட்டிப் பொலியெஸ்டர் தெர்மல், அதுக்கு மேல ஃபிளீஸ், வெளியில காத்தும் தண்ணியும் போகாத ஜக்கெற். காலுக்கு ஸ்னோ பான்ற்ஸ் கட்டாயம். ஜீன்ஸோட விடாதேங்கோ.

போடுறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல ரொய்லெற்றுக்கு அனுப்புங்கோ, இல்லாட்டி எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதான் கேப்பினம். பேந்து ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ், ஜக்கெற், கழுத்துக்கு, தலைக்கு, கடைசியா மிட்டன்ஸ். ஸ்னோ பான்ற்ஸின்ர கால் நுனியில உள்பக்கமா இலாஸ்ரிக் வைச்ச இன்னொரு துணி இருக்கும். அதைப் பூட்ஸுக்கு மேல இழுத்து விடோணும். பிள்ளை முழங்கால் மட்டும் ஸ்னோவுக்க இறங்கினாலும் சொக்ஸ் நனையாது. பூட்ஸ் இறுக்கமா இருக்கக் கூடாது. ரெண்டு சொக்ஸ் போட்டுத் திணிக்கிறதை விட, ஒரு கம்பளி சொக்ஸ் போட்டு விரல் ஆட்ட இடம் விடுறதுதான் சூடு.

எல்லாத்தையும் புதுசா வாங்க வேண்டாம். பிள்ளையள் ஒரு வருஷத்தில வளர்ந்திடுவினம், பழைய உடுப்புக் கடையளில நல்ல ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ் கிடைக்கும். மிட்டன்ஸ் மட்டும் புதுசா வாங்குங்கோ.

இன்னொண்டு. பின்னேரம் போவம் எண்டு தள்ளி வைக்காதேங்கோ. டிசம்பர் 21 அளவில இஞ்ச பகல் வெளிச்சமே ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். விடியச் சாப்பிட்டவுடன வெளிக்கிட்டால் வெயிலோட திரும்பி வரலாம்.

இரவுப் பணி | பிரம்டன்

அக்கா சொன்னது பிள்ளையளுக்குச் சரி. ஆனா ஸ்னோவை ரசிக்கச் சொல்லிறதுக்கு முதல், அதுக்குள்ள வேலை செய்யிற ஆக்களையும் நினைக்கோணும். நான் ட்ரக் ஓடுறன். கிறிஸ்மஸுக்கு முதல் வாரம்தான் எங்களுக்கு ஆகக் கூடின வேலை. 2022 டிசம்பர் 23 புயலில ஒன்ராறியோவில இருக்கிற லண்டனுக்கு மேற்க 401, 402 நெடுஞ்சாலை ரெண்டையும் மூடினவை. கிறிஸ்மஸுக்கு வீட்ட போக வெளிக்கிட்ட சனம் றோட்டில நிண்டது. எங்கள மாதிரி ஆக்களுக்கு ஸ்னோ எண்டால் முதல்ல பயம்தான் வரும்.

அதால தம்பிக்கு என்ர பங்குக்குச் சொல்லிறன்: கார் இருந்தால் முதல்ல வின்டர் டயர் போடுங்கோ. 7 டிகிரிக்குக் கீழ போனவுடன சாதாரண டயரின்ர ரப்பர் இறுகத் தொடங்கும், ஸ்னோ விழாட்டியும் பிடிமானம் குறையும். வின்டர் டயரின்ர ரப்பர் குளிரிலயும் மெதுவா இருக்கும். பக்கத்தில மூண்டு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகளும் வரைஞ்ச அடையாளம் இருக்கோ எண்டு பார்த்து வாங்குங்கோ. கியூபெக்கில டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில கட்டாயம் இல்லை, ஆனா 2016இலிருந்து வின்டர் டயர் போட்ட காருக்கு இன்சூரன்ஸில கழிவு குடுக்கோணும் எண்டு விதி இருக்கு. கேட்டு வாங்குங்கோ, தாங்களா எல்லாரும் சொல்ல மாட்டினம்.

காருக்குள்ள ஒரு சின்ன ஷவல், கம்பளி, டோர்ச், போன் சார்ஜர். காரின்ர கூரையில இருக்கிற ஸ்னோவை முழுக்கத் தட்டிப் போட்டு வெளிக்கிடுங்கோ, இல்லாட்டி பிறேக் பிடிக்கேக்க அது முன் கண்ணாடியில சரிஞ்சு விழும், பின்னால வாற காரில பறக்கும். ஸ்னோவுக்க கார் புதைஞ்சு நிண்டால், எஞ்சினைப் போட்டுச் சூடு பிடிக்கிறதுக்கு முதல் புகைக்குழாய் அடைபட்டிருக்கோ எண்டு இறங்கிப் பாருங்கோ. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

இதெல்லாம் சரியா இருந்தால் மனசில பயம் குறையும். பயம் குறைஞ்ச பிறகு ரசிக்கிறதைப் பற்றிக் கதைக்கலாம்.

காவிரிக்கரை | மிசிசாகா

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கைக்குப் போட்டது நூல் கையுறைதான். டயர் இந்த வாரமே பார்க்கிறேன்.

போன்ல வெப்பநிலை மைனஸ் 10னு காட்டுது, பக்கத்துலயே "உணரப்படுவது மைனஸ் 20"னும் காட்டுது. எதை நம்பறது? எந்த அளவுக்கு மேல பசங்களை வெளியே விடக் கூடாது?

வெண்தாமரை | லண்டன், ஒன்ராறியோ

ரெண்டுமே உண்மை. காற்று இல்லாத இடத்தில் மைனஸ் 10. அதே இடத்தில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால், நம் தோலை ஒட்டியிருக்கும் சூடான காற்றை அது அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் வெறும் தோல் மைனஸ் 20இல் இருப்பது போல வேகமாகச் சூட்டை இழக்கும். இரண்டாவது எண் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைய வாய்ப்பு உண்டு. அந்த நாட்களில் சின்னப் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தென் ஒன்ராறியோவில் டிசம்பர் மாதத்தில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவுதான். மைனஸ் 5, காற்றில்லாத வெயில் என்றால் அதைவிட நல்ல விளையாட்டு நாள் கிடையாது.

நான் செவிலியர். ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறதை வைத்துச் சில விஷயம் சொல்கிறேன்.

மூக்கு நுனி, காது மடல், கன்னம், விரல் நுனி, இந்த நான்கையும் அடிக்கடி பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பது சரியாகத் தெரியாது. தோல் வெளிறிப்போய், மெழுகு மாதிரி ஆகி, தொட்டால் உணர்ச்சி இல்லை என்று பிள்ளை சொன்னால் உடனே உள்ளே கூட்டிப் போங்கள். தேய்க்கக் கூடாது, கொதிக்கும் தண்ணீரும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவமனைக்கு.

அடுத்தது, ஷவல் பண்ணுவது. ஈர ஸ்னோ நல்ல கனம். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கும், அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் இதயத்துக்குச் சுமை. நம் ஆண்கள் ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரையும் பிரஷரும் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் டிரைவ்வேயை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். தள்ளுங்கள், தூக்கி எறியாதீர்கள். நடுவில் நின்று மூச்சு வாங்குங்கள். நெஞ்சு இறுக்கினால் ஷவலை அப்படியே போட்டுவிட்டு அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடுங்கள்.

வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். குளிர்கால வெயிலில் உடம்பு அதைச் செய்துகொள்ளாது, கருத்த தோலுக்கு இன்னும் கஷ்டம். இங்கே பாலில் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஒரு நாளுக்கு 70 வயது வரை 600 யூனிட், அதற்கு மேல் 800 என்பது கனடாவின் பொது அளவு. மாத்திரை எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். வெளியே போவது வைட்டமினுக்காக இல்லை. பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் சரியாகும், மனசும் தெளியும். நீங்கள் எழுதியிருந்த எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அந்த வெளிச்சம் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

பனையோலை | மார்க்கம்

பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் எழுதுறீங்கள். எங்களைப் போல வயது போன ஆக்களைப் பற்றியும் ஒரு சொல்லு எழுதவேணும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் நாள் முழுக்க நாலு சுவர்தான். ஸ்னோவை விட எங்களுக்குப் பயம் பிளாக் ஐஸ். றோட்டு வெறும் ஈரம் மாதிரித்தான் இருக்கும், கால் வைச்சால் தெரியும். இந்த வயதில இடுப்பு எலும்பு உடைஞ்சால் எழும்புறது கஷ்டம்.

நான் பூட்ஸுக்குக் கீழ கொளுவுற கம்பி வலை ஒண்டு வைச்சிருக்கிறன். ரப்பர் பட்டியில சுருள் கம்பி சுத்தியிருக்கும். அதைப் போட்டால் ஐஸில பிடிக்கும். கடைக்குள்ள போகேக்க கழட்டிவிட வேணும், ஓட்டுத் தரையில வழுக்கும். சின்ன அடி வைச்சு, கையைப் பொக்கற்றுக்குள்ள விடாமல் நடக்கிறது. உப்புப் போட்டிருந்தாலும் நம்பாதேங்கோ, மைனஸ் 10க்குக் கீழ போனால் சாதாரண உப்பு சரியா வேலை செய்யாது, அப்ப மண்தான் போட வேணும்.

இவ்வளவும் சொல்லிறது வீட்டுக்குள்ள இருங்கோ எண்டதுக்கில்லை. மார்கழியில திருவெம்பாவை பத்து நாளும் எங்கட கோயிலில விடியப் பூசை. யாழ்ப்பாணத்தில சின்னனில சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பி, பனிக்குள்ள கோயிலுக்கு ஓடின ஆக்கள் நாங்கள். இஞ்ச மைனஸ் பன்னிரண்டில காரை விட்டு இறங்கி, ஜக்கெற்றுக்குள்ள வேட்டியோட, ஸ்னோ மிதிபட்டு நறநற எண்டு சத்தம் போடப் போறன். ஜக்கெற்றைக் கழட்டி மாட்டிப்போட்டு உள்ள போனால் சூடும் கற்பூர மணமும். அந்த நேரம் எனக்கு இந்த ஊர் என்ர ஊராத்தான் தெரியுது.

2013 ஐஸ் புயல் ஞாபகம் இருக்கிற ஆக்கள் இருப்பினம். டிசம்பர் 21, 22. மழை விழ விழ உறைஞ்சு, மரக்கொப்பெல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகி, பாரம் தாங்காமல் முறிஞ்சு கரண்ட் கம்பியில விழுந்தது. ரொறன்ரோவில மட்டும் மூண்டு லட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரம் இல்லை, கனபேருக்குக் கிறிஸ்மஸ் முடிஞ்சும் வரேல்லை. எங்கட தெருவில எரிவாயு அடுப்பு இருந்த வீட்டில எல்லாரும் கூடிச் சமைச்சம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், எதிர் வீட்டு இத்தாலியக் கிழவி, நாங்கள். அதுக்கு முதல் அவையளோட ஒரு வார்த்தை கதைச்சதில்லை. இண்டைக்கும் அந்த அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்களுக்குக் கேக் அனுப்புறா, நாங்கள் தைப்பொங்கலுக்குப் பொங்கல் குடுக்கிறம். (அப்படி ஒரு நிலைமை வந்தால் கரி அடுப்பு, ஜெனரேட்டர் ஒண்டையும் வீட்டுக்குள்ளயோ கராஜுக்குள்ளயோ கொளுத்தாதேங்கோ. அந்தப் புயலில அப்படிச் செத்த சனமும் இருக்கு.)

சிற்றாறு | எட்மண்டன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. குளிர்காலத்தை எல்லாரும் கட்டாயம் நேசிச்சே ஆகணும்னு என்ன இருக்கு? நாங்க முடிஞ்ச வருஷமெல்லாம் டிசம்பர்ல சென்னைக்குக் கிளம்பிடுவோம். மார்கழியில சபா கச்சேரி, தெருவில கோலம், தாத்தா பாட்டியோட பசங்க. விடுமுறைன்னா சொந்தக்காரங்களோட இருக்கிறதுதானே? இங்க மைனஸ் 30ல ராத்திரி எஞ்சினைச் சூடா வச்சிருக்கிற பிளாக் ஹீட்டரை கரண்ட்ல சொருகி வைக்கலைன்னா காலையில எஞ்சின் கிளம்பாது. அதை ரசிக்கணும்னு என் மனசைக் கட்டாயப்படுத்த நான் தயாரா இல்ல. காசு சேர்த்து டிக்கெட் வாங்கறதுல ஒரு வெட்கமும் இல்ல.

மொன்றியல் மலையடி | மொன்றியல்

சிற்றாறு அண்ணா, ஊருக்குப் போறதை யார் வேண்டாம் எண்டது? போக வழியுள்ள வருஷம் போங்கோ. ஆனா காவிரிக்கரை போக ஏலாத வருஷத்தைப் பற்றித்தான் கேட்டவர். போனாலும் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் இருக்குத்தானே? அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

நான் இஞ்ச கியூபெக் ஆக்களைப் பார்த்துத்தான் படிச்சன். அவையள் குளிர் முடியட்டும் எண்டு காத்திருக்கிறேல்லை. மொன் றோயல் மலைப் பூங்கா 1876இல திறந்தது, அண்டையிலிருந்து இண்டைக்கு வரைக்கும் ஸ்னோ விழுந்தால் சனம் மலைக்குத்தான் ஏறுது. குழந்தையை ஸ்லெட்டில வைச்சு இழுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போற தாய்மாரை எங்கட தெருவில தினமும் பாக்கலாம். மைனஸ் 15இல பிளாஸ்கில சூப் கொண்டுபோய் பெஞ்சில இருந்து குடிக்கிற வயசான சோடியளும் இருக்கினம்.

நகரமும் அதுக்கேத்த மாதிரி வேலை செய்யுது. பெரிய ஸ்னோ விழுந்தால் இரவில சைரன் கேக்கும், றோட்டோரம் காரை விட்ட ஆக்கள் எடுக்கோணும், இல்லாட்டி இழுத்துக்கொண்டு போயிடுவினம். பிறகு ஊதுற மெசின் ஸ்னோவை அள்ளி லொறியில கொட்டிக்கொண்டு போகும், லொறிகள் வரிசையா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. எங்கட பிள்ளையள் ஜன்னலில ஒட்டிக்கொண்டு நிண்டு பாக்குங்கள், தேர் இழுக்கிறதைப் பாக்கிற மாதிரி. மிகவும் குளிரான நாளில நிலத்துக்குக் கீழ 30 கி.மீ.க்கு மேல நடைபாதை இருக்கு, மெட்ரோவிலிருந்து கடை, ஒபிஸ் எல்லாத்துக்கும் உள்ளால போகலாம். ஆனா எனக்கு அது பிடிக்கிறேல்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில நடந்து என்ன பிரயோசனம்?

தனிய ஒரு குடும்பம் ஸ்னோவை ரசிக்கிறது கஷ்டம் எண்டது என்ர அனுபவம். தெருவில இன்னொரு குடும்பத்தைச் சேருங்கோ. "பத்து மணிக்கு வெளியில நிப்பம்" எண்டு வாக்குக் குடுத்தால் சோம்பல் வந்தாலும் போவீங்கள்.

கால்வாய்க்கரை | ஒட்டாவா

இன்னொரு காரணமும் இருக்குங்க. இந்தக் குளிர்காலம் எப்பவும் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது.

எங்க ஊர் ரிடோ கால்வாய்ல 7.8 கி.மீ. ஐஸ் மேல சறுக்கிகிட்டுப் போகலாம். 1970களின் தொடக்கத்துலேருந்து நடக்கிற விஷயம். வேலைக்கும் பள்ளிக்கும் முதுகுப் பையோட ஸ்கேட்ஸ்ல போறவங்க உண்டு. திறக்கிறதுக்கு ஐஸ் சுமார் 30 செ.மீ. தடிமன் வேணும். 2022-23 குளிர்காலத்துல அந்த அளவுக்கு உறையவே இல்ல, சீசன் முழுக்கத் திறக்கல. ஆரம்பிச்ச காலத்துலேருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. என் பொண்ணு அந்த வருஷம் புது ஸ்கேட்ஸ் வாங்கி வச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளும் கால்வாய் திறந்தாச்சுன்னு காட்டற பச்சைக் கொடி ஏத்தினாங்களான்னு கேட்டா. மார்ச்ல அந்த ஸ்கேட்ஸ் அவளுக்குச் சின்னதாயிடுச்சு.

அதுக்கப்புறம் எங்க வீட்ல "அடுத்த வாரம் போலாம்"ங்கற பேச்சே கிடையாது. ஐஸ் இருக்கிற அன்னைக்குப் போறோம்.

காவிரிக்கரை, கிறிஸ்மஸ் லீவுக்குள்ள எங்க கால்வாய் திறக்கறது அபூர்வம், பெரும்பாலும் ஜனவரிதான். அதுக்கு முன்னாடி உங்க ஊர் ஸ்கேட்டிங் ரிங்க்ல பசங்களுக்குக் கத்துக் குடுத்துடுங்க. ஹெல்மெட் கட்டாயம், ஐஸ்ல ஆக்கி ஆடறவங்க போடற மாதிரி. பின் மண்டை மூடியிருக்கணும், ஏன்னா பசங்க பின்பக்கமாத்தான் விழுவாங்க. ஸ்கேட்ஸோட கயித்தைக் கணுக்கால் கிட்ட இறுக்கிக் கட்டணும், விரல் பக்கம் கொஞ்சம் தளர்வா. முதல்ல நடக்கச் சொல்லுங்க, சறுக்கச் சொல்லாதீங்க. எப்படி விழறது, எப்படி எழுந்திரிக்கறதுன்னு புல்தரை ஸ்னோவுலயே பழக்கிடுங்க: ஒரு முட்டி போட்டு, மத்த காலை முன்னாடி வச்சு, அந்தக் கால் முட்டி மேல ரெண்டு கையையும் ஊன்றி எழுந்திரிக்கணும்.

ரூஜ் நடை | ஸ்காபரோ

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தனான், தமிழ் எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கோ.

காசு இல்லாமல் செய்யக்கூடிய விஷயங்கள் சொல்லிறன். ரொறன்ரோ நகரத்தின்ர வெளி ரிங்க் எல்லாம் இலவசம். நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கம் வடிவுதான், கிறிஸ்மஸ் விளக்குகளோட, ஆனா விடுமுறையில சனம் அள்ளும். பழகுற பிள்ளையளுக்கு ஸ்காபரோ சிவிக் சென்ரருக்குப் பக்கத்தில ஆல்பர்ட் கேம்பல் சதுக்கம் நல்லது. ஸ்லெட்டில சறுக்கப் போறதெண்டால் நகரத்தின்ர பட்டியலைப் பார்த்துப் போங்கோ. 2024 ஜனவரியில 45 மேடுகளில சறுக்கக் கூடாது எண்டு பலகை வைச்சவை. மரம், வேலி, றோட்டு இல்லாமல், கீழ நீளமா சமதரை இருக்கிற மேடுதான் சரி. கால் முன்னுக்கு வைச்சு இருந்துதான் போகோணும், தலை முன்னுக்கு வேண்டாம்.

எனக்கு ஆகப் பிடிச்சது ரூஜ் தேசிய நகரப் பூங்கா. 79 சதுர கி.மீ., நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்னோ விழுந்த அடுத்த நாள் காலமை போங்கோ. புது ஸ்னோவுக்குள்ள காத்து நிறைய அடைபட்டிருக்கும், அது சத்தத்தை உறிஞ்சும். றோட்டு கிட்ட இருந்தாலும் கேக்காது.

பிள்ளையளுக்கு அடித்தடம் தேடக் குடுங்கோ. முயலின்ர தடத்தில ரெண்டு பெரிய அடி முன்னுக்கும், ரெண்டு சின்ன அடி பின்னுக்கும் இருக்கும். பெரிசு பின்னங்கால். பாயேக்க பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டிப்போய் விழும். அப்ப முயல் எந்தப் பக்கம் போனது எண்டு பிள்ளையளே கண்டுபிடிப்பினம். நரியின்ர தடம் ஒரே கோட்டில நூல் பிடிச்ச மாதிரிப் போகும். இலை இல்லாத மரத்தில குருவிகளும் வடிவாத் தெரியும்: கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடி, சிவப்புக் கார்டினல், சின்ன மரங்கொத்தி. இந்த மாதத்தில கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 1900இல தொடங்கினது, ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை. பறவை தெரியாத ஆக்களும் தெரிஞ்ச ஆக்களோட சேர்ந்து போகலாம். எனக்குக் குளிர்காலம் பிடிக்கத் தொடங்கினது அப்படித்தான்.

இரவுப் பணி அண்ணாவுக்கு ஒண்டு. என்ர அப்பாவும் கன காலம் டெலிவரி ஓடினவர், ஸ்னோ எண்டால் அவருக்கு வேலையும் பயமும் மட்டும்தான். பென்ஷன் எடுத்த பிறகுதான் என்னோட பூங்காவுக்கு வரத் தொடங்கினவர். உங்களுக்கு லீவு கிடைக்கிற ஒரு பகலில பிள்ளையளோட ஒருக்கா போய்ப் பாருங்கோ. பென்ஷன் மட்டும் காத்திராதேங்கோ.

இரவுப் பணி | பிரம்டன்

ஓம் தங்கச்சி. 27ஆம் திகதி எனக்கு ஓய்வு. மகள் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். முயல் தடத்தைப் பற்றி நீங்கள் எழுதினதை அவளுக்கு வாசிச்சுக் காட்டினனான்.

மேப்பிள் நிழல் | ஸ்காபரோ

வெளியில போய் வந்த பிறகு என்ன எண்டும் சொல்ல வேணும். வீட்டுக்க வந்தவுடன மிட்டன்ஸை உள்பக்கம் வெளியில புரட்டி, ஹீற்றர் வாயில வையுங்கோ. பூட்ஸின்ர உள் மெத்தையைக் கழட்டித் தனியக் காய விடுங்கோ, அப்படியே விட்டால் அடுத்த நாள் ஈரமாத்தான் இருக்கும். தோல் பூட்ஸில உப்பு வெள்ளைக்கோடு பிடிச்சிருந்தால் வினாகிரியைத் தண்ணியில கலந்து துடையுங்கோ.

பிறகு சாப்பாடு. எங்கட வீட்டில ஸ்னோ நாள் எண்டால் ஒடியல் கூழ், அதாவது காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிற கூழ். பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, இறால், நண்டு, மீன் எல்லாம் போட்டு, ஒடியல் மாவைக் கரைச்சு விட்டு, செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து. ஒடியல் மாவைத் தண்ணியில ஊற வைச்சுக் கசப்பு எடுத்த பிறகுதான் சேர்க்கிறது. எரிக்க எரிக்கக் குடிச்சால் காது மடல் வரைக்கும் சூடு ஏறும். உங்களுக்குப் பழக்கம் இல்லாட்டி மிளகு ரசமோ சுக்குமல்லிக் கோப்பியோ காணும். வெளியில போக அடம் பிடிக்கிற என்ர சின்னவன் கூழ் எண்டவுடன ஷவலைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நிப்பான்.

கார்த்திகை விளக்கீட்டைப் பற்றியும் ஒருத்தரும் எழுதேல்லை. எங்கட தெருவில எல்லா வீட்டிலயும் கிறிஸ்மஸ் மின்விளக்கு எரியேக்க, எங்கட வாசல் படியில சுட்டி விளக்கு. தேங்காய் எண்ணெய் ஊத்தாதேங்கோ, 24 டிகிரிக்குக் கீழயே இறுகிப்போகும், திரியில ஏறாது. நல்லெண்ணெய் மைனஸ் ரெண்டு மூண்டிலயும் தண்ணியாத்தான் இருக்கும். காத்துக்கு நூராமல் ஜாம் போத்தலுக்குள்ள சுட்டியை இறக்கி வையுங்கோ. ஸ்னோ கரையில வைச்சால் வெளிச்சம் ஸ்னோவுக்க ஊறினமாதிரி மஞ்சளாப் பரவும். பக்கத்து வீட்டுப் பிள்ளையள் வந்து தாங்களும் ரெண்டு வைக்கலாமோ எண்டு கேட்டவை.

காவிரிக்கரை | மிசிசாகா

நேத்து சனிக்கிழமை போனோம். மிட்டன்ஸ், தெர்மல் வாங்கியாச்சு, ஸ்னோ பேண்ட்ஸ் பழைய கடையில கிடைச்சது. வெப்பநிலை மைனஸ் ஒண்ணு, காத்து இல்ல. ஸ்னோ கையில பிடிச்சா அப்படியே உருண்டை பிடிச்சது. முன்னாடி ஒரு நாள் மைனஸ் 12ல முயற்சி பண்ணப்ப பொடிப்பொடியா உதிர்ந்துது, இதுதான் காரணம்னு இப்ப புரியுது, பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் கொஞ்சம் ஈரம் இருந்து ஒட்டும்போல.

பையன் உருண்டையை உருட்ட ஆரம்பிச்சான். அது உருளும்போது கீழ இருக்கிற ஸ்னோவைப் பாய் சுருட்டற மாதிரி சுருட்டிகிட்டே போச்சு, பின்னாடி பச்சைப் புல்லு தெரிஞ்சுது. கடைசியில ரெண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்துது. பொண்ணு கேரட் வேணும்னா, வீட்ல முருங்கைக்காய்தான் இருந்துது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து ஒரு கேரட்டும் பழைய தொப்பியும் குடுத்துட்டு, ஜனவரியில பொங்கல்னு ஒண்ணு கொண்டாடுவீங்களாமேன்னு கேட்டார். அவர் முன்னாடி வேலை பண்ண இடத்துல தமிழ்க்காரங்க இருந்தாங்களாம். தை ஒண்ணாம் தேதி வெளியில வச்சே பொங்கல் பொங்கலாம்னு என் மனைவி சொல்றா. இங்க ஜனவரி தமிழ் மரபுத் திங்கள்னு நாடாளுமன்றமே 2016ல தீர்மானம் போட்டிருக்குன்னு சொன்னதும் அவ இன்னும் உறுதியாயிட்டா. யாராவது ஸ்னோல அடுப்பு வச்சுப் பொங்கியிருக்கீங்களா?

அப்புறம், 26ஆம் தேதி ஆல்பர்ட் கேம்பல் ரிங்க் திறந்திருக்குமா? பொண்ணோட ஷூ அளவுதான் ஸ்கேட்ஸுக்குமா?

பனையோலை | மார்க்கம்

பொங்கியிருக்கிறம் தம்பி. ஸ்னோவைத் தரை தெரியும் மட்டும் அள்ளிப்போட்டு, செங்கல் வைச்சு, அதுக்கு மேல அடுப்பு. ஸ்னோவுக்கு மேலேயே அடுப்பு வைச்சால் சூட்டில கரைஞ்சு பானை சரியும். காத்து வாற பக்கம் ஒரு தகரம் மறைப்பு. ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும், பானைக்கு மூடி போட்டுச் சூடேத்திப்போட்டு, பால் விடேக்கதான் திறவுங்கோ. வெட்டவெளியில மட்டும், கராஜ் வாசலிலயும் வேண்டாம். உங்கட இடத்தில விறகு எரிக்க விடுவினமோ எண்டு முதல்ல கேட்டுக்கொள்ளுங்கோ. இல்லாட்டி வெளியில பாவிக்கிற காஸ் அடுப்புக் காணும்.

ரூஜ் நடை | ஸ்காபரோ

விடுமுறை நாட்களில நேரம் மாறும், முதல் நாள் நகரத்தின்ர பக்கத்தில பார்த்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ. வெப்பநிலை கூடி மழை பெய்தால் ஐஸைக் காப்பாத்த மூடுவினம். ஸ்கேட்ஸ் அநேகமா ஷூ அளவை விட ஒண்டு குறைவாத்தான் வரும், பிராண்டுக்கு பிராண்ட் மாறும், அதால போட்டுப் பார்த்துத்தான் எடுக்கோணும். மெல்லிசுச் சொக்ஸோட போட்டுப் பாருங்கோ. பழசு வாங்கினால் கத்தி தீட்டியிருக்கோ எண்டு கேளுங்கோ. நாங்கள் 26ஆம் திகதி பதினொரு மணிக்கு அங்க நிப்பம். பச்சைத் தொப்பி போட்ட ஆளைத் தேடுங்கோ.